திருகோணமலையில் சேர்வர்: பாகம் தெரிவுசெய்வதும் பராமரிப்பதும்

திருகோணமலையில் கூட்டுறவுச் சங்கமோ, தனியார் மருத்துவமனையோ, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டலோ சேர்வர் வாங்கப் புறப்பட்டால் முதலில் எழும் கேள்வி, எத்தனை கோர், எத்தனை ஜிபி என்பதுதான். விலைப்பட்டியலில் இல்லாத மூன்று விடயங்கள் இங்கே அதைவிட முக்கியம்: உப்புக்காற்று, நினைத்தபோது போய்வரும் கரண்ட், உதிரிப்பாகம் கிடைக்கும் தூரம். கொழும்பில் ஒரு டிஸ்க் செத்தால் பிற்பகலுக்குள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரித்துப் பார்க்கலாம். அதே டிஸ்க் தம்புள்ளை, ஹபரணை தாண்டி இங்கே வர மறுநாள் ஆகும். ஞாயிறும் போயாவும் அடுத்தடுத்து வந்தால் இன்னும் தாமதம். எனவே எந்தப் பாகத்தைத் தெரிவுசெய்யும்போதும் கேட்க வேண்டியது ஒன்று: இது பழுதானால், இந்த ஊரிலிருந்தபடியே எத்தனை மணி நேரத்தில் சேர்வரை எழுப்பலாம்?

முதலில் அறை

கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு சேர்வருக்குள் போய் மதர்போர்டில் படிகிறது. உலர்ந்திருக்கும்வரை அது வெறும் தூசு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது அதற்கு முன்பே ஈரமாகத் தொடங்கும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப் பச்சையாக்கும், இரும்பில் கறள் ஏற்றும். நிலாவெளி வீடுகளின் கதவுப் பிணைச்சல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே இந்த ஊரில் சேர்வர் அறைக்குக் குளிரைவிட உலர்வுதான் முக்கியம். தரவு நிலையங்களுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு, சேர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்றுக்குப் பரிந்துரைப்பது 18 முதல் 27 பாகை செல்சியஸ். ஏசியை 16இல் வைத்து ஜம்பர் போட்டுக்கொண்டு வேலைசெய்ய வேண்டியதில்லை. 23, 24 போதும். ஈரப்பதனை 40க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் பிடித்து வையுங்கள். ஏசி ரிமோட்டில் தெரிவது நீங்கள் கேட்ட எண். அறையில் இருக்கும் எண் அல்ல. ஒரு சிறிய ஈரப்பதமானியை, சேர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டமான ராக்கின் முன்பக்கம், நடு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

ஏசியின் அளவைக் கணக்குப் பார்த்தே எடுக்க வேண்டும். ஒரு வாட் மின்சாரம் மணிக்கு 3.41 பிடியு (ஏசியின் அளவைச் சொல்லும் வெப்ப அலகு) வெப்பமாகிறது. 300 வாட் இழுக்கும் இரண்டு சேர்வர், 150 வாட் ஸ்டோரேஜ், 80 வாட் சுவிட்சும் ரௌட்டரும், யூபிஎஸ் இழப்பாக 70 வாட்: மொத்தம் 900 வாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 3,070 பிடியு. வெயில் படும் சுவர், கூரை, உள்ளே வரும் ஆட்கள் எல்லாம் சேர்த்தாலும் பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 9,000 அல்லது 12,000 பிடியு ஏசி தாராளம். 'பெரிதாகப் போட்டால் நல்லது' என்று 24,000 மாட்டுவது இங்கே செய்யும் வழக்கமான பிழை. பெரிய ஏசி அறையைச் சில நிமிடத்தில் குளிராக்கிவிட்டுக் கம்பிரசரை நிறுத்திவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், ஈரப்பதமானி 70ஐக் காட்டும். அந்தப் பணத்துக்கு இரண்டு சிறிய ஏசிகளைப் போட்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றி ஓடவிடுங்கள்.

இரண்டு ஏசியிலும் கரண்ட் வந்ததும் தானாக இயங்கும் வசதி இருக்க வேண்டும். வாங்கும் முன்பு பிரேக்கரைப் போட்டு எடுத்துச் சோதியுங்கள். இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் கரண்ட் போய் வரும். யூபிஎஸ்ஸில் நின்ற சேர்வர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஏசி மட்டும் விடியும்வரை தூங்கும். உட்புற அலகை ராக்குக்கு நேர்மேலே மாட்ட வேண்டாம், வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் சொட்டுவது சேர்வர் மேல்தான். வெளி அலகின் தகடுகளை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

உப்புக்காற்றை உள்ளே இழுக்கும் எக்ஸோஸ்ட் ஃபான் இந்த அறைக்கு ஆகாது. அதைவிட மோசம், கரண்ட் போனதும் 'காற்று வரட்டும்' என்று கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுவது. வெளியே 30 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால் அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்த உலோகத்திலும் நீர் படியும். ஓடும் சேர்வர் சூடாக இருப்பதால் தப்பிக்கலாம். அணைத்துவைத்த சேர்வரும் அலுமாரியில் இருக்கும் உதிரி டிஸ்க்கும் வியர்க்கும். அறை சூடேறினால் சேர்வர்களை முறையாக நிறுத்துங்கள். கதவு மூடியே இருக்கட்டும்.

2004 சுனாமியையும் 2020 டிசம்பரில் இந்தக் கரையில் ஏறிய புரெவிப் புயலையும் கண்ட ஊரில் ராக் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் பெரிய விவாதம் வேண்டாம். மாடி இருந்தால் மாடியில். தரைத்தளம்தான் என்றால் ராக்கின் அடியில் 4 யூ (ராக்கின் உயர அலகு) இடத்தை, அதாவது ஏறத்தாழ 18 சென்ரிமீற்றரை, வெறுமையாக விடுங்கள். யூபிஎஸ் பற்றரியையும் தரையில் வைக்க வேண்டாம். ராக்கின் ஆழம் 1,000 மில்லிமீற்றர் இருக்கட்டும். 600 ஆழமுள்ள நெட்வேர்க் ராக்கை மலிவாக வாங்கிவிட்டு, சேர்வரின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பல அலுவலகங்களில் காணலாம்.

கரண்ட்

இலங்கையில் விநியோகம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சேர்வரின் பவர் சப்ளை வோல்டேஜ் ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் தாங்கும். தாங்காதது திடீர் வெட்டும், வந்தவுடன் மறுபடி போவதும், மின்னலும்தான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை: முதலாவதுக்கு ஜெனரேட்டர், இரண்டாவதுக்குச் சேர்வரை ஒழுங்காக நிறுத்திவைக்கும் ஏற்பாடு.

யூபிஎஸ் ஒன்லைன் வகையாக இருக்கட்டும். அதில் சேர்வருக்குப் போவது எப்போதும், யூபிஎஸ் தானே உருவாக்கும் இன்வேர்ட்டர் கரண்டாக இருக்கும். விஏ (வோல்ட்-அம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், வாட் எண்ணைக் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் யூபிஎஸ் இழப்பை விட்டால் மிஞ்சும் 830 வாட் சுமைக்கு இரண்டு யூபிஎஸ் என்றால் ஒவ்வொன்றும் தனியே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஒவ்வொன்றும் 1 கேவிஏ (1,000 விஏ), 900 வாட் என்றால் சாதாரண நாளில் இரண்டும் பாதிச் சுமையில் அழகாக நிற்கும். ஒன்று செத்த மறுகணம் மற்றது தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிவிடும், சுமை சிறிது கூடினால் அதுவும் விழலாம். இரண்டும் 2 கேவிஏயாக இருந்தால்தான் நிம்மதி.

இரண்டாவது யூபிஎஸ்ஸுக்குப் பணம் இல்லையா? சேர்வரின் ஒரு பவர் சப்ளையை யூபிஎஸ்ஸிலும் மற்றதை மின்னல் தடுப்பு உள்ள தனிச் சொக்கட்டிலும் கொடுங்கள். யூபிஎஸ் பழுதானால் சேர்வர் விழாது. இரண்டு பிளக்கையும் ஒரே யூபிஎஸ்ஸின் பின்னால் செருகிவிட்டு 'இரட்டைப் பவர்' என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை.

ஈயப் பற்றரிக்கு 25 பாகை பிடித்த வெப்பநிலை. ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஐந்து வருடப் பற்றரி 35 பாகை அறையில் இரண்டரை வருடம்தான். மாற்றும்போது செத்த ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொடரையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பழையது புதியதை இழுத்து விழுத்தும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது யூபிஎஸ் திரும்பத் திரும்பப் பற்றரிக்குத் தாவினால் ஜெனரேட்டரின் அலைவெண் தளும்புகிறது என்று அர்த்தம். யூபிஎஸ் அமைப்பில் உள்ளீட்டு அலைவெண் வரம்பை அகலமாக்குங்கள். அப்படியும் தாவினால் ஜெனரேட்டரின் வேகத்தைச் சீராக்கும் கவர்னரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி ஜெனரேட்டரில் இல்லையென்றால் யூபிஎஸ்ஸில் இரண்டு மணி நேரப் பற்றரி வைத்தும் பிரயோசனமில்லை. அறை அதற்கு முன்பே சூடாகிவிடும்.

சேர்வர் தானாக நிற்கும் ஏற்பாட்டுக்கு யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளோ நெட்வேர்க் காட்டோ போதும். பற்றரியில் பத்து நிமிடம் மீதமிருக்கும்போது நிறுத்தத் தொடங்கும்படி அமையுங்கள். அதற்கு முன், டேட்டாபேஸும் மெய்நிகர் இயந்திரங்களும் (சேர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினிகள்) முழுதாக நிற்க உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒருநாள் மாலையில் கடிகாரம் வைத்து அளந்துவிடுங்கள். சேர்வரின் அடிப்படை அமைப்பான பயோஸில் 'கரண்ட் வந்ததும் இயங்கு' என்பதைத் தெரிவுசெய்து, தாமதம் கொடுக்க வசதி இருந்தால் குறைந்தது 2 நிமிடம் கொடுங்கள். பெரிய வெட்டுக்குப் பின் கரண்ட் வந்த வேகத்திலேயே திரும்பப் போவதுண்டு.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் வழக்கம். விநியோகப் பலகையில் மின்னல் தடுப்பு போடுவதோடு வேலை முடியாது. மின்னலின் வேறொரு வழி நெட்வேர்க் கேபிள். இரண்டு கட்டடங்களுக்கு இடையில் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம், ஃபைபர் போடுங்கள். காவற்குடிசையிலிருந்து வரும் சிசிடிவி கேபிளும் இதில் அடக்கம். புவியிணைப்பின் தடையை மழைக்காலத்தில் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். மணல் காய்ந்து கிடக்கும் ஓகஸ்டில் அளக்கச் சொல்லுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதா? ஒவ்வொரு பவர் சப்ளையிலும் சிறிதளவு மின்னோட்டம் இயல்பாகவே புவிக்குக் கசியும். பத்துப் பதினைந்து சப்ளைகள் சேர்ந்தால் 30 மில்லி அம்பியர் சுவிட்சின் எல்லைக்கு அருகில் போய்விடும். சேர்வருக்குத் தனிச் சுற்றும் தனிச் சுவிட்சும் போடுவதுதான் தீர்வு. சுவிட்சைக் கழற்றிவிடுவது தீர்வல்ல.

பாகங்கள்

சிபியூ பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. நூறு பேர் வேலைசெய்யும் நிறுவனத்துக்கு ஒற்றைச் சொக்கெட் (ஒரே சிபியூ), 16 கோர் தாராளம். விண்டோஸ் சேர்வர் லைசன்ஸ் எப்படியும் ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும், அதைவிடக் குறைவாக எடுத்தால் லைசன்ஸில் மிச்சமில்லை. இரண்டாவது சிபியூ என்றால் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட வாட் வெப்பம். பழைய ஏஎம்டி எபிக் சிபியூவைத் தனியாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில நிறுவனங்களின் போர்டில் ஒருமுறை இயங்கிய எபிக், பாதுகாப்புக் காரணத்துக்காக அந்த நிறுவனத்தோடு பூட்டப்பட்டுவிடும், வேறு போர்டில் எழும்பாது.

ரேம் கட்டாயம் ஈசிசி, அதாவது பிழையைத் தானே திருத்தும் வகை. கூகுள் சேர்வர்களை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் தட்டுகளில் திருத்தக்கூடிய பிழையாவது வந்திருந்தது. ஈசிசி இல்லாத ரேமில் அது யாருக்கும் தெரியாமல் டேட்டாபேஸுக்குள் போய் உட்காரும். ஆர்-டிம், யூ-டிம் என்ற இரு ரேம் வகைகளையும் ஒரே போர்டில் கலக்க முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 ஊசி இருந்தாலும் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருக்கும்; அழுத்தி நுழைக்க முயல வேண்டாம். 64 ஜிபி தேவையென்றால் ஒரே 64 தட்டைவிட நான்கு 16 தட்டுகள் வேகம், ஏனெனில் தட்டு இருக்கும் சானல்கள் (சிபியூவுக்கும் ரேமுக்கும் இடையிலான பாதைகள்) மட்டும்தான் வேலைசெய்யும். இன்டெலின் மூன்றாம் தலைமுறை சியோன் ஸ்கேலபிளில் சிபியூவுக்கு 8 சானல், அதற்கு முந்தைய இரண்டு தலைமுறையில் 6. எந்தத் துளை முதலில் என்பது மூடியின் உட்பக்கப் படத்தில் இருக்கும். அதன்படி போடாவிட்டால் சேர்வர் எழும்பாமல் நிற்கலாம், அல்லது எழும்பி மந்தமாக ஓடும்.

ஒரே துளையில் பிழை வந்துகொண்டே இருந்தால் தட்டை வேறு துளைக்கு மாற்றுங்கள். பிழை தட்டோடு போனால் தட்டு பழுது. பழைய துளையிலேயே நின்றால் துளையில் அழுக்கு, அல்லது சிபியூ சொக்கெட்டில் வளைந்த ஊசி.

டிஸ்க்கில்தான் பணத்தையும் யோசனையையும் போட வேண்டும். மேசைக் கணினிக்கான ஹார்ட் டிஸ்க் ஒரு கெட்ட பகுதியை வாசிக்கப் பல விநாடி போராடும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவைக் காக்கும் ரெய்ட் காட் அவ்வளவு காத்திராமல் அது செத்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். சேர்வர், நாஸ் (நெட்வேர்க் ஸ்டோரேஜ்) டிஸ்க்குகள் ஏறத்தாழ 7 விநாடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லும்படி அமைந்தவை. அடுத்தடுத்த தடங்கள் ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் வகை ரெய்ட்டுக்கு ஆகாது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இணைப்பு வகையையும் பாருங்கள்: சாட்டா டிஸ்க் சாஸ் பெட்டியில் ஓடும், சாஸ் டிஸ்க் சாட்டாவில் பொருந்தாது.

பெரிய டிஸ்க்குகளில், ஒரு டிஸ்க் செத்தால் மட்டும் தாங்கும் ரெய்ட் 5 வேண்டாம். 8 டிபி டிஸ்க் ஒன்றைச் செக்கனுக்கு 150 எம்பி வேகத்தில் முழுதாக எழுதவே 15 மணி நேரம். பகலில் வேலையும் நடந்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மீதி டிஸ்க்குகள் முழு மூச்சில் ஓடும். இன்னொன்று விழுந்தால் எல்லாம் போச்சு. இரண்டு டிஸ்க் என்றால் ரெய்ட் 1 (இரண்டிலும் ஒரே தரவு), நான்கு என்றால் ரெய்ட் 10 (அப்படிப்பட்ட இணைகள்), ஆறும் அதற்கு மேலும் என்றால் ரெய்ட் 6 (இரண்டு செத்தாலும் தாங்கும்). எல்லா டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல் வேறு வேறு தொகுதியில் கேளுங்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகச் சாகும்.

சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் இரண்டு விடயம். ஒன்று, கரண்ட் போகும்போது கைவசம் உள்ள தரவை எழுதி முடிக்கும் கப்பாசிற்றர் இருக்க வேண்டும். இது மேசைக் கணினி வகையில் பெரும்பாலும் இல்லை. மற்றது எழுத்து ஆயுள். ஒரு நாளைக்கு ஒரு முழு எழுத்து, 5 வருடம் என்று போட்டிருக்கும் 960 ஜிபி எஸ்எஸ்டி ஏறத்தாழ 1,750 டிபிவரை தாங்கும். உங்கள் டேட்டாபேஸ் நாளொன்றுக்கு 100 ஜிபி எழுதினால் ஐந்து வருடத்தில் 180 டிபிதான். அதற்குப் போய் மூன்று மடங்கு ஆயுளுள்ள விலையுயர்ந்த வகையை வாங்க வேண்டியதில்லை.

ரெய்ட் காட்டின் கேஷுக்கு (எழுதுமுன் தரவு தங்கும் தற்காலிக நினைவகம்) பற்றரியோ சூப்பர் கப்பாசிற்றரோ இருக்கும். பற்றரி செத்தால் காட் பாதுகாப்புக்காகக் கேஷில் எழுதுவதை நிறுத்தி நேரே டிஸ்க்கில் எழுதும். சேர்வர் திடீரென்று மந்தமாகும். 'சொஃப்ட்வெயார் ஸ்லோ' என்று வாரக்கணக்கில் அலைவதற்கு முன் இதைப் பாருங்கள். 'பற்றரி இல்லாவிட்டாலும் கேஷில் எழுது' என்று ஒரு தெரிவு இருக்கும். நம் ஊர்க் கரண்டில் அதைத் தொடக் கூடாது. டிஸ்க்குகளைத் தானே சேர்த்து ஓட்டும் இசட்எஃப்எஸ் மென்பொருளைப் பாவிப்பதானால் ரெய்ட் காட் வேண்டாம், டிஸ்க்குகளை அப்படியே காட்டும் எச்பிஏ காட் போதும்.

பவர் சப்ளை இரட்டையாக, ஓடும்போதே கழற்றக்கூடியதாக, இரண்டும் ஒரே பாக எண்ணில் இருக்கட்டும். 300 வாட் இழுக்கும் சேர்வருக்கு 1,100 வாட் சப்ளை வீண். அடிமட்டச் சுமையில் அதன் திறன் குறைகிறது.

பழைய சேர்வர் வாங்கினால்

தவறொன்றுமில்லை. ஒரே மாதிரி இரண்டு பழைய சேர்வர்கள், ஒன்று ஓட, ஒன்று உதிரிப்பாகத்துக்கு என்று எடுப்பது இந்த ஊருக்குப் புதிய ஒன்றைவிட நல்ல ஏற்பாடாகக்கூட இருக்கலாம். ஆனால் வெளித்தோற்றத்தை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். அலுமினிய ஹீட்சிங்கில் வெள்ளைப் பொடி, செம்பில் பச்சை, திருகாணியில் கறள் தெரிந்தால் அது ஏற்கெனவே கடற்கரையில் வாழ்ந்த சேர்வர். ராக்கில் ஏற்றும் தண்டவாளம் சேர்த்துத் தருகிறார்களா, தூர இருந்து திரையைப் பார்க்கும் லைசன்ஸ் டெல்லின் ஐட்ராக்கிலோ எச்பிஇயின் ஐஎல்ஓவிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். எச்பிஇ புரோலயண்டின் பயோஸ் மேம்படுத்தலைத் தரவிறக்க 2014 முதல் உத்தரவாதமோ ஒப்பந்தமோ வேண்டும். டெல் அப்படிக் கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு இது பெரிய வித்தியாசம்.

மலிவாக வரும் சாஸ் டிஸ்க்குகளில் சில, பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றியவை. அவற்றின் செக்டர் (தரவை எழுதும் சிறு துண்டு) 512 பைட்டுக்குப் பதில் 520 ஆக இருக்கும். சாதாரண ரெய்ட் காட் ஏற்காது. எச்பிஏ காட்டில் போட்டு 512க்கு மறுவடிவமைக்கலாம், டிஸ்க்குக்குச் சில மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

சுத்தம்

வருடத்தில் இரண்டு தடவை போதும்: கச்சான் காற்றுத் தூசு ஓய்ந்து வாடை மழை தொடங்குமுன், செப்டெம்பர் கடைசியில் ஒன்று, மழை ஓய்ந்த பின், பெப்ரவரியில் ஒன்று. செப்டெம்பரில் செய்வதுதான் முக்கியம், மழைக்கால ஈரம் வருமுன் உப்புத்தூசு வெளியே போக வேண்டும்.

பக்கப் (தரவின் மறுபிரதி) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்வரை நிறுத்துங்கள். இரண்டு பவர் கேபிளையும் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி மீதி மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். சேர்வரை வெளி விறாந்தைக்குத் தூக்கிப் போக வேண்டாம், அது வியர்க்கும். ஏசி அறைக்குள்ளேயே வைத்துத் திறவுங்கள். நிலைமின் தடுக்கும் கைப்பட்டியை மாட்டி உலோக உடலில் கவ்வவிடுங்கள். சிறிய மின் ஊதி ஒன்றால் முன்னிருந்து பின்னாக ஊதி, வெளிவரும் தூசை வேறொருவர் வக்கியூமால் இழுக்கட்டும். டயர்க் கடைக் கம்பிரசர் வேண்டவே வேண்டாம், அதன் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். ஊதும்போது ஃபான் சுழலாமல் விரலால் பிடியுங்கள், கட்டுமீறிச் சுழன்றால் பெயரிங் போய்விடும்.

ரேம், காட் ஆகியவற்றின் தங்கமுனைகளில் படிவு தெரிந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த நார் உதிராத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பென்சில் அழிறப்பர் தங்கப் பூச்சையும் சேர்த்து அழிக்கும். துருநீக்கி ஸ்பிரே எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். ஹீட்சிங்கைக் காரணமில்லாமல் கழற்ற வேண்டாம். கழற்றினால் பழைய பேஸ்டை முழுதாகத் துடைத்துப் புதிதாகப் போட்டு, அதன் மேலுள்ள எண் வரிசைப்படி திருகாணிகளை இறுக்குங்கள். பல சியோன் சேர்வர்களுக்கு டி30 நட்சத்திரத் திருப்புளி வேண்டும். வரிசை பிசகினால் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து ஒரு ரேம் சானலே காணாமற் போகும்.

மூடுமுன் உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் காற்றுவழி மூடியைத் திரும்பப் போட்டீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் ஃபான்கள் எவ்வளவு அலறினாலும் காற்று சிபியூ மேல் போகாது. காலியான டிஸ்க் அறைகளின் வெற்று மூடிகளும் அப்படித்தான். பயோஸ் பற்றரியான சிஆர்2032ஐ அளந்து, 3 வோல்ட்டிலிருந்து 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் மாற்றும் முறை

டிஸ்க் தன் நலத்தைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையை மாதம் ஒருமுறை எடுங்கள். 5, 197, 198ஆம் எண்கள் பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் டிஸ்க்கின் தட்டே கெடுகிறது, மாற்ற ஆயத்தமாகுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். கேபிள் அல்லது இணைப்பு முனை, இங்கே அநேகமாகக் கறள்.

1. பக்கப் ஒன்றை அன்றே எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். மற்ற டிஸ்க்குகளின் ஸ்மார்ட்டையும் பாருங்கள். இன்னொன்றும் தள்ளாடினால் புதிய டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுதும் மறுகட்டமைப்பைத் தொடங்குமுன் தரவை வெளியே நகர்த்துவது நல்லது.
2. பழுதான டிஸ்க்கின் தொடரிலக்கத்தை எழுதிக்கொண்டு, மென்பொருளிலிருந்து அதன் விளக்கை மினுங்கச் செய்யுங்கள். டிஸ்க் அறையின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சில பெட்டிகளில் எண் 0இல் தொடங்கும், சிலவற்றில் 1இல். தவறான டிஸ்க்கை இழுப்பதுதான் ரெய்ட் 5ஐக் கொல்லும் மிக இலகுவான வழி.
3. இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் இழுத்து, தட்டு சுழல்வது நிற்க 30 விநாடி பொறுத்து முழுதாக எடுங்கள்.
4. புதியது அதே அளவோ கூடவோ, அதே வகை, அதே செக்டர் அளவாக இருக்க வேண்டும். ஏசி அறைக்கு வெளியிலிருந்து வந்ததென்றால் உறையோடு சில மணி நேரம் அறைக்குள் வைத்த பின் போடுங்கள்.
5. மறுகட்டமைப்பு முடியும்வரை பயோஸ் மேம்படுத்தல், மறுதொடக்கம், பெரிய பக்கப் எதுவும் வேண்டாம்.

ஃபேர்ம்வெயார்

'ஓடுகிறதைத் தொடாதே' என்ற பழக்கம், டிஸ்க்குக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயார் விடயத்தில் ஆபத்து. 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் அறிவித்தல் விட்டது: சில சாஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி ஓடியதும் தரவோடு செத்துவிடும், ஃபேர்ம்வெயாரை மாற்றினால் தப்பும். ஒரே நாளில் மாட்டிய எஸ்எஸ்டிகள் ஒரே நேரத்தில் சாகும் என்பதால் எந்த ரெய்ட்டும் அங்கே உதவாது. அடுத்த வருடம் 40,000 மணி நேரத்தில் சாகும் இன்னொரு வகைக்கும் அறிவித்தல் வந்தது. பழைய எஸ்எஸ்டி வாங்கினால் ஓடிய மணி நேரத்தையும் ஃபேர்ம்வெயார் எண்ணையும் சேர்த்தே பாருங்கள். மேம்படுத்தலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜெனரேட்டர் தயாராக இருக்கும் ஒரு நாளில், ஒரு சேர்வரில் செய்து ஒரு வாரம் விட்டு மற்றதில் செய்யுங்கள்.

அலுமாரியில் இருக்க வேண்டியவை

ஒவ்வோர் அளவிலும் ஒரு டிஸ்க், ஒரு பவர் சப்ளை, ஒரு ஃபான், அதே பாக எண்ணுள்ள ஒரு ரேம் தட்டு, ரெய்ட் காட் பற்றரி, இரண்டு ஃபைபர் மொட்யூல், நாலைந்து சி13 பவர் கேபிள், சிஆர்2032 இரண்டு. வாங்கியவுடன் ஒவ்வொன்றையும் சேர்வரில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே அலுமாரிக்குள் வையுங்கள். பெட்டியைத் திறக்காமலே வைத்து, தேவைப்பட்ட இரவில் பழுதென்று கண்டுபிடிப்பதில் லாபமில்லை. நிலைமின் தடுப்பு உறையில் சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப் புகாமல் ஒட்டி, சேர்வர் அறையிலேயே வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ரெய்ட் காட்டின் உதிரிப் பற்றரியும் சும்மா இருந்தே சாகும், அதில் வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள். உதிரி ஃபானையும் பவர் சப்ளையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடும் ஒன்றோடு மாற்றிப் போட்டால் இரண்டும் சோதித்ததாகிவிடும். கழற்றிய டிஸ்க்கில் தரவு இருக்கும். துளைபோட்டு உடைத்த பின்னரே பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள்.